முகத்தை மீட்கும் ரண வைத்தியம்

இந்தியாவில் 2022-ம் வருஷத்தில் மட்டும் உதட்டிலோ வாயிலோ புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர் என்றும், அவ்வருஷத்தில் அந்நோய்க்கு இரையானவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் மதிப்பிட்டிருக்கிறது. நமது நாட்டு ஆடவரைப் பற்றும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முதலிடம் வகிக்கிறது. இக்கணக்கு நோய் கண்டவரைச் சொல்லுகிறது, இறந்தவரைச் சொல்லுகிறது. நோயினின்று தப்பியும், தாடையை இழந்து, நாவை இழந்து, கன்னத்திலே துவாரத்தோடு, நாலு பேர் முன்னிலையில் ஒரு வாய்ச் சோறு உண்ண நாணி, வீட்டின் பின்கட்டிலே காலந்தள்ளுவோர் எத்தனை பேர் என்பதை அது சொல்லுவதில்லை. அவர்களைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

அவர்களுக்கு விமோசனம் இல்லையோ எனின், உண்டு. கையிலிருந்து தோலையும் காலிலிருந்து எலும்பையும் எடுத்து, அவற்றைப் போஷிக்கும் இரத்தக் குழாயோடு கொண்டுவந்து, கழுத்திலுள்ள குழாயோடு பூதக்கண்ணாடியின் கீழ் இணைத்து, இழந்த தாடையையும் நாவையும் கன்னத்தையும் திரும்பச் சமைக்கும் ரண வைத்தியர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வித்தையை எண்ணி வியப்பதோடு நின்றால் பயனில்லை. அந்த வித்தை பழனிமலையடிவாரத்துக் கூலிக்காரனுக்கு எட்டுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மலையடிவாரம் என்று பொதுவாகச் சொல்லாமல் ஓர் ஊரைக் குறித்தே சொல்லுவோம். கொடைக்கானலுக்கு ஏறும் சாலையின் வாயிலில் இருப்பது வத்தலக்குண்டு. வெற்றிலைக்குண்டு என்ற பெயரே நாளடைவில் மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்று அவ்வூரார் சொல்லுவதுண்டு. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன பூமி அது. அதே ஜில்லாவில், திண்டுக்கல்லின் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து சென்று வெள்ளைக்காரனின் வாயிலே புகைந்தது. வேடசந்தூரில் சுருட்டுக்கும் மெல்லுவதற்குமான புகையிலையை ஆராய்வதற்கென்றே 1948-ல் ஒரு நிலையம் அமைந்தது. வெற்றிலை ஒரு புறம், புகையிலை மறு புறம். இரண்டுக்கும் நடுவில் அதிகாலையில் எழுந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு, கன்னத்தில் அடக்கியவாறே காட்டு வேலைக்குப் போகும் ஜனங்கள். பசியை மறக்கவும் அலுப்பை ஆற்றவும் ஏழைக்குக் கைகண்ட மருந்தாக அது இருந்து வந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கொடிக்கால் விவசாயிகள் மீது பழி போட நாம் முற்படவில்லை. வெற்றிலை மங்கலப் பொருள். நோய்க்கு அதனைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. குற்றவாளிகள் அதனோடு கூட்டுச் சேரும் புகையிலையும் பாக்கும் ஆவர். புகையிலையின் கேட்டை யாவரும் அறிவர். பாக்கும் புற்றுநோயை விளைவிப்பதே என்று மேற்சொன்ன சர்வதேசக் கழகம் 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகக் கூறியிருக்கிறது. ஓயாமல் பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நாளடைவில் வெளுத்து இறுகி, வாய் திறப்பது வரவரக் குறைந்து, முடிவில் இரண்டு விரல் நுழையவும் இடமில்லாது போகிறது. வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாத புண் என்னும் இவையெல்லாம் பின்னால் வரப்போகும் கேட்டுக்கு முன்னறிவிப்புக்கள். வாயைத் திறந்து ஒரு விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தால் இவை வெறுங் கண்ணுக்கே தெரியும். வயிற்றிலும் ஈரலிலும் ஒளிந்து வளரும் புற்றைப் போன்றதன்று இது, கண்ணெதிரே வளருவது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலையை நாடுகின்றனர் என்பது நமது நாட்டுக்குப் பெருங் குறை.

நோய் முற்றியபின் செய்வதென்ன? புற்று இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டினால் போதாது. சுற்றிலும் நோயற்ற சதையையும் ஓரளவு சேர்த்து வெட்டியெறிய வேண்டும். தாடையெலும்பை நோய் தொட்டிருந்தால் எலும்பும் போகும். கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகளையும் நீக்க வேண்டும். இவ்வாறு வெட்டிய பின் முகத்தில் எஞ்சுவது ஒரு பள்ளம். அப்பள்ளத்தை அப்படியே விட்டால் உமிழ்நீர் ஒழுகும், உண்ட உணவு வெளிவரும், பேச்சு குழறும், தாடையின் மறு பாதி ஒரு புறமாக இழுத்துக்கொண்டு முகமே கோணும். நோய் நீங்கியும் மனிதன் மனிதரோடு சேர்ந்து வாழ முடியாதவனாகிறான். உண்ணுவதும் உரையாடுவதும் நகைப்பதும் முகத்தால் அன்றோ நிகழ்கின்றன?

இந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலையே மறு அமைப்பு ரண சிகிச்சை எனப்படுவது. முன்னெல்லாம் நெற்றித் தோலையோ மார்புத் தோலையோ ஒரு முனை உடலோடு ஒட்டியிருக்கும்படி விட்டு, மறு முனையைத் திருப்பிப் பள்ளத்தில் வைத்துத் தைத்தார்கள். 1979-ல் மார்புத் தசையையே தோலோடு தூக்கிக் கழுத்து வழியே வாய்க்குக் கொண்டுவரும் முறை வெளியாயிற்று. எளிதானதும் நம்பத்தக்கதுமான அம்முறையால் உயிர் பிழைத்தவர் எண்ணிறந்தோர். இன்றும் பல ஆஸ்பத்திரிகளில் அதுவே கைகொடுக்கிறது. ஆயினும் தடித்த மார்புத் தசை மெல்லிய நாவாக அசைந்து கொடாது. எலும்பின் வேலையையும் அது செய்யமாட்டாது. வேரோடு ஒட்டியிருப்பதால் அது எட்டும் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

வேரையே அறுத்து, வேறிடத்தில் நட்டு, மீண்டும் துளிர்க்கச் செய்வதே புதிய முறை. நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை வயலில் நடுவது போன்றது என்று நமது விவசாயிகளுக்குச் சொல்லலாம். ஆனால் இந்த நாற்று தண்ணீரின்றிச் சில மணி நேரமே தாங்கும். நோயாளியின் முன்கையிலிருந்து மெல்லிய தோலை நாடியோடு எடுத்தால் அது நாவுக்கும் கன்னத்தின் உட்புறத்துக்கும் பொருந்துகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் மெலிந்த எலும்பை, மேலும் கீழும் சிறிது விட்டு, நடுப்பகுதியை எடுத்துவிட்டாலும் மனிதன் நடப்பதற்குத் தடையில்லை. அந்த எலும்பைத் துண்டு துண்டாக வளைத்துத் தகடிட்டுத் தாடையின் உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பின்னர் அதன் குழாய்களைக் கழுத்திலுள்ள தமனியோடும் சிரையோடும் தைக்கிறார்கள். குழாயின் குறுக்களவு இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமயிரினும் மெல்லியது. கை நடுங்கினால் காரியம் கெட்டது.

ஒரு குழு புற்றை வெட்ட, மற்றொரு குழு அதே வேளையில் கையிலோ காலிலோ இருந்து வேண்டியதை எடுக்க, வேலை எட்டு மணி, பத்து மணி நேரம் நீடிக்கிறது. அதோடும் முடிவதில்லை. வைத்த தசை சிவந்திருக்கிறதா, வெளுத்ததா, கறுத்ததா என்று முதல் இரண்டு மூன்று நாட்கள் இரவும் பகலும் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். குழாயில் இரத்தம் உறைந்துவிட்டதென்று உடனே கண்டால் நோயாளியை மறுபடியும் மேஜைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றலாம். விடியட்டும் என்று இருந்தால் வைத்ததெல்லாம் அழுகிப்போகும். ஆதலின் இது தனியொரு மேதையின் கைவண்ணம் மட்டுமன்று. மயக்கமருந்து கொடுப்பவர், நள்ளிரவில் விளக்கைப் பிடித்துப் பார்க்கும் நர்ஸ், பின்னர் பேசவும் விழுங்கவும் பழக்கும் ஆசிரியர் ஆகிய அனைவரும் சேர்ந்து செய்யும் வேலை. தேர்ந்த குழுவினரிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் இச்சிகிச்சை வெற்றி பெறுகிறது.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது? லியோன் நகரத்து வைத்தியர் அலெக்ஸிஸ் கார்ரெல் என்பவர், 1894-ல் பிரெஞ்சு ராஷ்டிரபதி கார்னோ கத்தியால் குத்துண்டு, அறுபட்ட குழாயைத் தைக்க வகையின்றி மாண்டதைக் கண்டு மனம் நொந்தார். பூத்தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் ஊசிப்பழக்கம் கற்றுக்கொண்டார். 1902-ல் இரத்தக் குழாய்களை முனையோடு முனை இணைக்கும் முறையை வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். 1960-ல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸனும் சுவாரெஸும் பூதக்கண்ணாடியின் கீழ் மிகச் சிறிய குழாய்களையும் தைத்துக் காட்டினர். முன்கைத் தோலை எடுக்கும் முறை 1970-களின் இறுதியில் சீன தேசத்திலிருந்து வந்தது. காலெலும்பால் தாடை சமைக்கும் முறையை 1989-ல் ஹிடால்கோ என்ற அமெரிக்க வைத்தியர் வெளியிட்டார். ஒரு தேசத்தின் தையற்காரியும் மற்றொரு தேசத்தின் வைத்தியனும் சேர்ந்து வளர்த்த கலை இது. எந்த ஜாதியாருக்கும் தேசத்தாருக்கும் தனியுரிமையானதன்று.

எனினும் இதன் ஆதிவேர் நமது மண்ணில் இருந்தது என்பதை நினைவூட்டுவது பெருமைக்காக அன்று, படிப்பினைக்காக. அறுபட்ட மூக்கை, அதன் அளவுக்கு ஓர் இலையை வெட்டி வைத்து அளந்து, கன்னத்துத் தோலால் மீண்டும் அமைக்கும் விதத்தைச் சுசுருதர் கூறியிருக்கிறார். பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த யுத்தத்தில், ஆங்கிலப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். 1792-ம் வருஷத்து உடன்படிக்கையால் எந்த யுத்தத்தின் முடிவில் திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்குப் போயிற்றோ, அதே யுத்தம் அது. ஒரு வருஷம் மூக்கின்றி இருந்த அவருக்குப் புனாவுக்கருகில் செங்கல் அறுக்கும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்துக் கொடுத்தார். அச்செய்தி 1794-ல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் உயிருள்ளவருக்குச் செய்து, 1816-ல் நூலாக அச்சிட்டார். ஐரோப்பா முழுவதும் அக்கலை பரவியது.

பின் நடந்தது என்ன? இலண்டனில் அது நூலாயிற்று, கலாசாலைப் பாடமாயிற்று, மாணவர் பரம்பரை உண்டாயிற்று. நமது நாட்டிலோ அது சில குடும்பங்களின் கையில் இருந்தபடியே இருந்து தேய்ந்தது. திறமை நமக்குக் குறைவாயிருந்ததில்லை. அத்திறமையைப் பலருக்குக் கற்பித்துப் பல ஊருக்கும் எட்டச் செய்யும் ஸ்தாபனம் நமக்கு இல்லாதிருந்தது. அந்நிய ஆட்சியின் மீது பழி போட்டுவிட்டு ஓய்ந்திருக்க இயலாது. இன்று ஆட்சி நம்முடையது, ஸ்தாபனங்களும் நம்முடையவை. கலையை ஒரு சில நகரங்களில் அடைத்து வைத்தால் பழைய கதையே வேறுருவில் திரும்ப நிகழும்.

முகம் சிதைந்தவனைச் சமூகம் எப்படி நடத்துகிறது என்பதற்கு வத்தலக்குண்டு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1884-ம் வருஷம் அக்டோபர் 4-ம் தேதி அவ்வூரில் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு 1908-ல் சிறைபுகுந்த அவ்வீரர், 1912-ல் வெளிவந்தபோது தொழுநோயோடு வந்தார். சிறையதிகாரிகளால் அடக்க முடியாத அந்தக் குரலை அடக்க, நோயையே சாக்காகக் கொண்டு இரயிலில் ஏறக்கூடாதென்று தடுத்தனர். அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925-ம் வருஷம் ஜூலை 23-ம் தேதி பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். சிவாவின் நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. உடல் குலைந்த சாமானிய மனிதனுக்கு வண்டியும் இல்லை, மேடையும் இல்லை. ஊராரின் பார்வையே அவனுக்குச் சிறைச்சுவர்.

அந்தத் தொழுநோயாளிகளின் சிதைந்த அங்கங்களைச் சீர்ப்படுத்தும் ரண வைத்தியமும் தமிழ்நாட்டிலேயே வளர்ந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்னும் வைத்தியர் 1946-ல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கலாசாலைக்கு வந்து, அடுத்த சில வருஷங்களுக்குள் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நரம்புக் கயிறு மாற்றி நிமிர்த்தும் வேலையைத் தொடங்கினார். நோய் குணமானதென்று வைத்தியர் சொல்லிவிட்டாலும், மடங்கிய கையோடும் சரிந்த மூக்கோடும் உள்ளவனுக்கு எவரும் வேலை கொடுப்பதில்லை என்பதை அவர் கண்டார். நோயை நீக்குவது பாதி வேலையே. மனிதனை மனிதர் நடுவே திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதே முழு வேலை என்னும் உண்மை வேலூரிலிருந்து உலகுக்குப் போயிற்று. வாய்ப்புற்றுக்கும் அதுவே நீதி.

இதற்கு மாறாகச் சிலர் வாதிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். “உயிர் பிழைத்ததே பெரிது, அழகுக்குச் செலவழிக்க ஏழை நாட்டில் பணம் ஏது?” என்பது ஒரு வாதம். இது அழகு வைத்தியமன்று என்பதை மேலே கூறியவற்றிலிருந்து வாசகர்கள் உணர்ந்திருப்பர். சோறு மெல்லுவதும், உமிழ்நீரை அடக்குவதும், தன் பெயரைப் பிறர் விளங்கிக்கொள்ளும்படி சொல்லுவதும் அழகைச் சேர்ந்தவை அல்ல. மேலும், வெட்டிய இடத்தை மூட வகையிருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் ரண வைத்தியர் நோயைத் தயங்காது அடியோடு வெட்டுவார். மூட வகையில்லாத இடத்தில் கை சற்றே கூசும். கூசிய இடத்தில் நோய் மறுபடியும் முளைக்கும். ஆகவே மறு அமைப்பு என்பது சிகிச்சைக்குப் பின்வரும் அலங்காரமன்று, சிகிச்சையின் அங்கமே.

“வருமுன் காப்பதல்லவா மலிவு? புகையிலையை ஒழித்துவிட்டால் இந்த வித்தைக்கே வேலையில்லையே” என்பது இரண்டாவது வாதம். வருமுன் காப்பது மலிவு என்பதை நாம் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறோம். குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தமிழ்நாட்டு சர்க்கார் 2013-ல் தடை செய்தது. அத்தடை 2023-ல் சென்னை ஹைக்கோர்ட்டில் செல்லாதாகி, அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட்டின் தற்காலிக உத்தரவால் உயிர் பெற்றது. சட்டம் இப்படித் தள்ளாடும்போதே பெட்டிக்கடைகளில் மறைவாக வியாபாரம் நடந்து வருவதை யாவரும் அறிவர். தடை உறுதிப்பட வேண்டும். புகையிலை பயிரிடுவோருக்கு மாற்றுப் பயிரும் அதற்கு ஏற்ற விலையும் கிடைக்க வேண்டும். ஆனால் இன்றே புகையிலை முழுவதும் ஒழிந்தாலும், இருபது முப்பது வருஷமாக மென்றவர்களின் வாயில் விதைக்கப்பட்ட நோய் இனி வரும் வருஷங்களிலும் முளைத்துக்கொண்டே இருக்கும். அணை கட்டுகிறோம் என்பதற்காக வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறவனை விட்டுவிடலாமா?

வத்தலக்குண்டுக் கூலிக்காரனின் நிலைமையை இப்போது நோக்குவோம். அவன் கன்னத்தில் ஒரு புண். பல் குத்தியதென்று எண்ணி ஒரு மாதம். கடையில் வாங்கிய களிம்பைத் தடவி இரண்டு மாதம். பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நம்பி மேலும் ஒரு மாதம். பின்னர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல், அங்கிருந்து மதுரை, அங்கும் முடியாதெனில் சென்னை. ஒவ்வொரு பயணத்துக்கும் கூலியும் போகிறது. கூட வருகிறவருக்கும் கூலி போகிறது. குடும்பமொன்றுக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் தாங்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு இருப்பது பெரும் பேறே. ஆஸ்பத்திரிக் கட்டணத்தை அது தாங்குகிறது. இழந்த கூலியையும், பட்டணத்தில் தங்கும் செலவையும், வீட்டில் விட்டு வந்த ஆடுமாடுகளையும் அது தாங்குவதில்லை. மலைமேலுள்ள சிற்றூர்களிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு வத்தலக்குண்டுக்கு வந்து சேருவதே ஒரு நாள் வேலை. அவன் பாதி வழியில் திரும்பிப் போவதில் ஆச்சரியம் என்ன?

தமிழ்நாட்டில் இந்த வித்தை இல்லாமலில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கிய கை ரண சிகிச்சைப் பகுதி, தொழிற்சாலைகளில் விரல் இழந்த தொழிலாளிகளுக்காகப் பிறந்து, நுண்குழாய் இணைக்கும் கலைக்குப் பயிற்சிக்களமாக வளர்ந்தது. கோயம்புத்தூரில் கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் இராஜ சபாபதியின் தலைமையில் உருவான பகுதி வெளிநாட்டு வைத்தியர்களும் வந்து பயிலும் இடமாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் பிறந்த அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏழைகளின் புகலிடமாக விளங்குகிறது. 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, இறந்த ஒருவரின் இரு கைகளையும் பொருத்தினார்கள். அத்தொழிலாளி திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்தவர்! நமது ஏழைக்கு உலகத்தின் மிகக் கடினமான ரண சிகிச்சையையும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசின்றிச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஒருவருக்குச் செய்ய முடிந்ததை ஆயிரவர்க்குச் செய்வதற்கு வழி காண்பதே எஞ்சி நிற்பது.

ஒரு ரண வைத்தியர் இந்த வித்தையில் தேறுவதற்கு, வைத்தியக் கலாசாலையில் அடியெடுத்து வைத்த நாளிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கோழித் தொடையின் குழாயிலும் எலியின் குழாயிலும் தைத்துப் பழகிக் கை படிய வேண்டும். படிந்த கையும் வேலையின்றி இருந்தால் துருப்பிடிக்கும். ஆதலின் தாலுகாவுக்கொரு நுண் ரண வைத்தியர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது நடவாத காரியம், நடந்தாலும் வீண். நோயாளிகள் போதிய அளவு வந்துசேரும் பெரிய ஆஸ்பத்திரிகளில் முழுக் குழுவும் இருக்க வேண்டும். சிற்றூர்களிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழி செம்மையாயிருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் போதும்.

இதற்கு முன்மாதிரி அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-ல் தொடங்கி நடந்த பெரும் பரிசோதனையில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஜனங்களின் வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ இரண்டுமோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம், பார்க்கப்படாத ஊர்களைவிட நூற்றுக்கு 34 வீதம் குறைந்ததென்று 2005-ல் அறிவித்தனர். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெளிச்சமும் கண்ணும் பயிற்சியும் போதுமாயிருந்தன. சிறிய புண்ணாகவே கண்டால் சிறிய வெட்டோடு போகும், தாடை தப்பும், காலெலும்பைத் தேட வேண்டியதுமில்லை.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது நான்கு. முதலாவது, பழனிமலை வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும், புகையிலை பாக்குப் பழக்கமுள்ளவர்களின் வாயை ஒழுங்காகப் பார்த்து, பதிவு செய்து, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை உடனே மேலே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரி தென் ஜில்லாக்களுக்கெல்லாம் தாய் வீடு. அங்கே புற்றை வெட்டுவோரும் முகத்தைச் சமைப்போரும் ஒரே மேஜையில் நின்று வேலை செய்யும் குழுவுக்குப் போதிய ஸ்தானங்களையும், பூதக்கண்ணாடிகளையும், இரவு காவலுக்கு நர்ஸுகளையும் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். 2022-ல் திறக்கப்பட்ட திண்டுக்கல் வைத்தியக் கலாசாலை அதற்கு முன்வாசலாக அமைய வேண்டும். மூன்றாவது, நோயாளிக்கும் துணைவருக்கும் பிரயாணச் செலவும் தங்கும் இடமும், சிகிச்சைக் காலத்துக்குக் கூலிக்கு ஈடாக ஓர் உதவித்தொகையும் வேண்டும். நான்காவது, சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரைக் கைவிடாமல், பேச்சுப் பயிற்சியும் பல் வைக்கும் வசதியும் ஜில்லாத் தலைநகரிலேயே கிடைக்க வேண்டும்.

சர்க்காருக்குச் சொன்னதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. கட்சிக் கொடி எதுவாயினும், தேசத்தொண்டு செய்யப் புகுந்த இளைஞர்களுக்கு இங்கே வேலை காத்துக்கிடக்கிறது. தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தவறாமல் நுழையும் ஊழியர்கள், அதே தெருக்களில் ஒரு கிராம நர்ஸைக் கூட்டிக்கொண்டு மற்றொரு முறை நுழைதல் கூடாதா? புண்ணைக் கண்டும் பயத்தால் மறைப்பவனுக்குத் தைரியம் சொல்லி, காப்பீட்டு அட்டையை எடுத்துவைத்து, மதுரைக்குக் கூடவே பஸ் ஏறி, வைத்தியர் முன் கொண்டுபோய் நிறுத்துவது எந்த மேடைப் பேச்சுக்கும் குறைந்த தொண்டன்று. வாயில் தைத்த தழும்போடு ஊர் திரும்பியவனைத் தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பதும் தொண்டே. வைத்தியர் முகத்தைத் தைத்துக் கொடுக்கலாம். அம்முகத்தை நேருக்கு நேர் நோக்கும் கண்களை ஊரார்தாம் கொடுக்க வேண்டும்.

அந்நிய ஆட்சியில் நமது நாட்டு மனிதனுக்கு மனிதன் என்ற மதிப்பு இல்லாதிருந்தது. அதை மீட்கவே நமது முன்னோர் சிறை சென்றனர். சுயராஜ்யத்தில் ஓர் ஏழை, நோயினால் அன்றி, தூரத்தினாலும் தாமதத்தினாலும் தன் முகத்தை இழப்பானாயின், அந்த மதிப்பு இன்னும் அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை என்றே பொருள். வித்தை கைவசம் இருக்கிறது. வித்தை தெரிந்தவர்கள் நம்மவர்கள். வழி காட்டிய முன்மாதிரியும் அருகில் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து மதுரை ஆஸ்பத்திரியின் மேஜை வரையுள்ள ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வழியைச் செம்மைப்படுத்துவதே இனிச் செய்ய வேண்டியது. அதனை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே தொடங்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.